பெரிசாக்காதே

அடையாறு
11-1-2025

அன்புள்ள அக்காவுக்கு ப்ரியா எழுதுவது. நீயும் அத்தானும் சிவரஞ்சனியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு உங்கள் ஜவுளிக் கடையில் கூட்டம் நெரியும். அதிகம் நிற்காதே.

தி. நகருக்கும் அடையாறுக்கும் நடுவே முக்கால் மணி நேரப் பஸ் பயணம்தான். இதற்குப் போய் ஸ்டாம்பு ஒட்டிக் கடிதமா என்று சிரிப்பாய். என் போன் இப்போது என் போன் இல்லை. வேலை முடிந்து வந்ததும் அவர் முதலில் அதைத்தான் கேட்டு வாங்குகிறார். யாரிடம் எத்தனை நிமிஷம் பேசினேன் என்று பார்க்கிறார். இதைப் பள்ளி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலைப் பள்ளி முகவரிக்குப் போடு. வீட்டுக்குப் போட்டுவிடாதே.

என் இடது மணிக்கட்டு பாத்ரூமில் வழுக்கி உடையவில்லை, அக்கா. தீபாவளிக்கு நீ பார்க்க வந்தபோது அவர் பக்கத்திலேயே நின்றார், அதனால் அப்படிச் சொன்னேன். அவர்தான் முறுக்கினார். கட்டுப் பிரித்த மூன்றாவது வாரம் அதே கையை மறுபடியும் முறுக்கினார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதல்ல அந்த பாத்ரூமை மாத்துங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

மாற்றப் போகிறேன். கீர்த்திக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை ஏப்ரல் பதினைந்தாம் தேதி முடிகிறது. அன்றைக்கே, பரீட்சை எழுதும் பள்ளி வாசலிலிருந்தே, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். திருவான்மியூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போர்ஷன் பேசி வைத்திருக்கிறேன். இது என்னோடு வேலை பார்க்கும் ஆஃப்ரீனுக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். அத்தானிடம்கூடச் சொல்லாதே. அம்மா போன பிறகு எனக்கு நீதான், அதனால் சொல்கிறேன்.

உன்
ஷண்முகப்ரியா

தியாகராய நகர்
21-1-2025

அன்புத் தங்கை ப்ரியாவுக்கு அக்கா தங்கபுஷ்பம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். முழங்கால் வலி இருந்தபடியே இருக்கிறது. கீர்த்தி நன்றாகப் படிக்கிறாளா?

உன் கடுதாசியைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தூக்கி வளர்த்த கை அது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். எந்த வீட்டில் சண்டை இல்லை? உன் அத்தான் கடை ஆரம்பித்த புதிதில் என் மேல் தட்டை எறிந்திருக்கிறார். இன்றைக்கு நான் எழுந்தால்தான் அவர் எழுந்திருக்கிறார். சுரேஷ் தம்பிக்கு நகைக்கடையில் மேலாளர் வேலை, ஆயிரம் தொல்லை இருக்கும். இதைப் பெரிசாக்காதே.

நல்ல செய்தி ஒன்று. சிவரஞ்சனிக்கு இடம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை பெயர் ராகேஷ். வடபழனிக்காரர்கள். அவருடைய அம்மா ரொம்பக் கண்டிப்பான மனுஷி, குடும்பம் எப்படி என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் பூ வைக்கவே வந்தார்கள். கல்யாணம் வைகாசியில், மே 28. அதுவரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள். அதன் பிறகு அக்கா உன் பக்கம் நிற்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா

அடையாறு
4-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சிவரஞ்சனி செய்தி கேட்டு மனம் நிறைந்துவிட்டது. அவளைக் கிள்ளி முத்தம் கொடுத்ததாகச் சொல்.

நேற்று எட்டாம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். வாக்கியத்தில் அமைத்து எழுதுக: பெரிதுபடுத்து. அகராதிக்காரர்கள் அதற்கு, இருப்பதைவிட அதிகமாகக் காட்டுதல், மோசமாக்குதல் என்றெல்லாம் பொருள் போட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டுப் பெண்களில் முப்பத்தைந்து பேர் எழுதியது ஒரே சொல்தான், பெரிதுபடுத்தாதே. ஒருத்தி மட்டும் பூதக்கண்ணாடி எழுத்தைப் பெரிதுபடுத்தும் என்று எழுதியிருந்தாள். அந்த வீட்டில் போய்க் குடியிருக்கலாம் போலிருந்தது. கடைசி பெஞ்சில் இருப்பவள், ஒரு வாக்கியம் கேட்டால் மூன்று எழுதியிருந்தாள்: "அண்ணன் என்னை அடித்தான். நான் அழுதேன். அம்மா என்னிடம் பெரிதுபடுத்தாதே என்றாள்." அழுதவளிடம்தான் சொல்கிறார்கள். அடித்தவனிடம் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உன் கடிதம் பையிலேயே இருந்தது. உன் மேல் கோபம் இல்லை, அதை ஏன் என்னிடம் சொன்னாய் என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

வைகாசி வரை முடியாது, அக்கா. போன வாரம் கணக்கில் மார்க் குறைந்ததற்குக் கீர்த்தியின் காதைப் பிடித்துச் சுவரில் மோதினார். இதுவரை என்னோடு நின்றிருந்தது. இனி ஒரு நாளும் தள்ளிப்போட மாட்டேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழ், என் பட்டங்கள், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு நீலப் பையில் போட்டு ராயப்பேட்டையில் ஆஃப்ரீன் வீட்டில் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு நானும் கீர்த்தியும் வருவோம். முதல் நாளே வந்து வேலை செய்வோம். நாங்கள் எங்கிருந்து வந்தால் உனக்கு என்ன?

உன்
ப்ரியா

தியாகராய நகர்
12-3-2025

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். நீயும் கீர்த்தியும் சுகம்தானே? பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கல்யாண வேலை ஆளை விழுங்குகிறது.

முகூர்த்தப் பட்டு எடுத்தாயிற்று, மயில் கழுத்து நிறம். நம் கடையிலேயே எடுத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று வெளியில் எடுத்தோம், அத்தானுக்கு அதில் வருத்தம். அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. பெண்ணின் சித்தி, சித்தப்பா என்று உங்கள் இருவர் பெயரும் போட்டிருக்கிறது. எனக்குக் கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதானே. மேடையில் நீங்கள் ஜோடியாக நின்றால்தான் எனக்குக் கௌரவம்.

உனக்கு உதவியாக இருக்கிற அந்த ஆஃப்ரீன் டீச்சருக்கும் ஒரு பத்திரிகை வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ராயப்பேட்டையில் எந்தத் தெரு, கதவு எண் என்ன? எழுது.

எல்லாம் நல்லபடியாக முடியும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். கவலைப்படாதே.

அன்புடன்
அக்கா

அடையாறு
17-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கை பரவாயில்லை. பரீட்சை நெருங்குவதால் இரண்டு வரிதான் எழுதுகிறேன்.

ஆஃப்ரீனுக்குப் பத்திரிகை வைப்பதாக நீ எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். விலாசத்தைத் தனித்தாளில் அவளே எழுதிக் கொடுத்தாள், இத்துடன் வைத்திருக்கிறேன். பகலில் அவள் மாமியார் அமீனா பீ மட்டும்தான் இருப்பார். நீ போனால் பிரியாணி சாப்பிடாமல் விடமாட்டார்.

நீ என்னைப் புரிந்துகொண்டாய் என்று தெரிந்ததே எனக்குப் போதும்.

உன்
ப்ரியா

அடையாறு
16-4-2025

அக்காவுக்கு,

நேற்று மதியம் ஒன்றே கால் மணிக்குப் பரீட்சை முடிந்தது. நான் பன்னிரண்டு மணிக்கே வாசலில் நின்றேன். கீர்த்திக்குப் பிடிக்கும் என்று ரோஸ்மில்க் வாங்கிக் கையில் வைத்திருந்தேன். பிள்ளைகள் எல்லாம் பேனா மையை ஒருத்தர் மேல் ஒருத்தர் தெளித்துக்கொண்டு வந்தார்கள். அவள் வரவில்லை. வாட்ச்மேனைக் கேட்டால், "பின் கேட்டாண்ட கார் வந்துச்சும்மா. பெரியப்பான்னு சொல்லி இட்டுக்கினு போனாரு. பொண்ணும் சிரிச்சிக்கினுதான் போச்சு" என்றார். வந்தது அவருடைய அண்ணன். லீவுக்கு ஊருக்குப் போகிறோம், அம்மாவும் பின்னால் வருவாள் என்று சொல்லி ஏற்றியிருக்கிறார்கள். இப்போது அவள் ஆறுமுகநேரியில் அவள் அப்பத்தா வீட்டில் இருக்கிறாள். என்னோடு பேச விடுவதில்லை.

ஆஃப்ரீன் வீட்டுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லாத நேரத்தில் அவர் வந்து நீலப் பையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவள் மாமியாருக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. நல்ல மனுஷன் போலப் பேசியதால் கொடுத்துவிட்டார். இப்போது உட்கார்ந்து அழுகிறார்.

வீட்டில் அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உட்கார்ந்து தோசை சாப்பிட்டார். "உம் பிளான் எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். தேதி, இடம், பை எல்லாம் சேர்த்துத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஆஃப்ரீன் சொல்லவில்லை.

பதில் எழுது.

ப்ரியா

தியாகராய நகர்
28-4-2025

அன்புத் தங்கை ப்ரியாவுக்கு,

ஆசீர்வாதம். உன் கடுதாசி கண்டு மனசு பதறிவிட்டது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் தாங்க முடியாமல் உன் அத்தானிடம் மட்டும் லேசாகச் சொன்னேன். கட்டினவரிடம் சொல்வது வெளியில் சொன்னதாகுமா? அந்த ஆஃப்ரீன் என்னதான் சிநேகிதியானாலும் வெளி ஆள்தானே, அவளை நன்றாக விசாரித்துப் பார்.

கீர்த்தி சுகமாக இருக்கிறாளாம். தினமும் மீன் குழம்பு, நல்ல தூக்கமாம். சொந்த அப்பத்தா வீட்டுக்குத்தானே போயிருக்கிறாள், காட்டுக்கா போனாள்? நீ போலீஸ், அது இது என்று போய்ப் பெரிசாக்காதே. கல்யாணத்துக்கு அவளை அழைத்து வருகிறார்கள். நீயும் தம்பியும் சேர்ந்து வந்து மேடையில் நில்லுங்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் அத்தான் உட்கார வைத்துப் பேசுவார், கீர்த்தி உன்னிடம் வந்துவிடுவாள். அதற்கு நான் பொறுப்பு.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

அடையாறு
5-5-2025

அன்பிற்குரிய தங்கபுஷ்பம் அக்கா அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே?

நேற்று அமீனா பீ எதையோ தேடும்போது ஷெல்ஃபில் ஒரு கவரைக் கண்டெடுத்தார். சிவரஞ்சனியின் கல்யாணப் பத்திரிகை. அன்றைக்குப் பை வாங்க வந்தபோது கீர்த்தியின் அப்பா வெறுங்கையோடு வரவில்லை. தட்டில் வெற்றிலை, பழம், பத்திரிகை வைத்து நீட்டி, "எங்க மதினி கொடுக்கச் சொன்னாங்க. ப்ரியா பை ஒண்ணு இங்க இருக்காம், அதையும் வாங்கிட்டு வரச் சொன்னா" என்றிருக்கிறார். கல்யாணப் பத்திரிகையோடு வருபவரை யார் சந்தேகப்படுவார்கள்?

கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. மேலே, "ஆஃப்ரீன் டீச்சர் அவர்கள் குடும்பத்தினர்" என்று எழுதியிருக்கிறது. எனக்கு அ, ஆ எழுதிப் பழக்கிய கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

ஷண்முகப்ரியா

தியாகராய நகர்
13-5-2025

ப்ரியா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இன்று எனக்கு வாய் இல்லை.

சொல்லிவிடுகிறேன். நான்தான். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சுரேஷ் தம்பி நம் கடைக்கு டீ குடிக்க வந்தார். அன்று காலைதான் ராகேஷின் அம்மா போன் போட்டு, உன் தங்கை வீட்டுக்காரர் எந்தக் கடையில் இருக்கிறார் என்று கேட்டிருந்தார்கள். பெண்ணின் சித்தி புருஷனை விட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? "தம்பி, அவ போயிருவா போல இருக்கு. கல்யாணம் வரைக்கும் எப்படியாவது பிடிச்சு வையுங்க" என்றேன். அவர் அழுதார், ப்ரியா. என் முன்னால் உட்கார்ந்து அழுதார். நான் நம்பினேன். பையை மட்டும் வாங்கி வைத்துவிட்டால் நீ போகமாட்டாய் என்று நானேதான் சொன்னேன். பத்திரிகையும் நான் எழுதிக் கொடுத்ததுதான். வைக்கிறேன் என்று உனக்குச் சொல்லிவிட்டேனே, அந்த டீச்சரை அழைக்காமல் இருந்தால் மரியாதை இல்லையே என்று தோன்றியது.

கீர்த்தியைக் கொண்டு போவார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. விஷயம் பெரிசாகிவிடக் கூடாது என்றுதான் எல்லாம் செய்தேன்.

கல்யாணத்துக்கு வருவாயா? நீங்கள் என்று எழுதாதே. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா

சென்னை
2-6-2025

அக்கா அவர்களுக்கு,

நலம். கீர்த்தியும் நலம், என்னோடு இருக்கிறாள்.

நீங்கள் கேட்டபடியே வந்தேன். பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அவரோடு ஒரே காரில் வந்து இறங்கினேன். உங்கள் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். போட்டோகிராபர் சித்தி, சித்தப்பா வாங்க என்று கூப்பிட்டதும் மேடையேறினேன். ஆறு வாரம் கழித்து அங்கேதான் என் பிள்ளையைத் தொட்டேன். இளைத்திருந்தாள். மீன் குழம்பு சாப்பிட்ட உடம்பு மாதிரி இல்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். அவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். நான் கத்தவில்லை. "கையை விடுங்க. இந்தக் கையை ரெண்டு தடவை உடைச்சாச்சு, மூணாவது தடவை இத்தனை பேர் முன்னால உடைங்க" என்று, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன். நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டார். வீடியோக்காரர் நிறுத்தவில்லை. சாப்பாட்டுக் கூடத்துத் திரையிலும் அது ஓடியதாம். அவர் கையை விட்டார். நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது. கல்யாண மேடையிலும் அதே சொல்தான்.

நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன். வாசலில் ஆஃப்ரீன் ஆட்டோவோடு நின்றாள். ஏறி உட்கார்ந்த பிறகு கீர்த்தி, "அம்மா, என் செருப்பு" என்றாள். போனால் போகிறது என்று கிளம்பச் சொன்னேன். அப்போது ஒரு அம்மாள் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் அந்தச் செருப்போடு ஓடி வந்தார். குனிந்து அவரே ஆட்டோவுக்குள் வைத்தார். "போ தாயி. யாராவது பின்னால வந்தா நான் நிறுத்தி வைக்கிறேன்" என்றார். யாரென்று கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மா என்றார்.

எந்தச் சம்பந்திக்குப் பயந்து என் பிள்ளையைக் கொடுத்தீர்களோ, அவர்.

சிவரஞ்சனி நன்றாக இருக்க வேண்டும்.

ஷண்முகப்ரியா

தியாகராய நகர்
19-8-2025

அன்புத் தங்கை ப்ரியாவுக்கு அக்கா எழுதுவது.

நீயும் கீர்த்தியும் சுகமாக இருக்க மருந்தீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு முழங்காலில் ஆபரேஷன் செய்யச் சொல்லிவிட்டார்கள். கடை மாடிப்படி ஏற முடியவில்லை.

உன் கடுதாசியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நான் செய்தது தப்பு. ஆனாலும் நீ மேடையில் அப்படிச் செய்திருக்க வேண்டாம். தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உன்னை அனுப்பி வைத்திருப்பேன். நாலு பேருக்குத் தெரிய வேண்டாத விஷயம் நானூறு பேருக்குத் தெரிந்துபோயிற்று. சம்பந்தி அம்மாள் வெளியில் ஒன்றும் சொல்வதில்லை, ரஞ்சனியைத் தங்கமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் உன் பேச்சை எடுத்தாலே வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறார்கள். மனசுக்குள் வெறுப்பு போலிருக்கிறது. எனக்குக் கூசிப் போகிறது.

திருவான்மியூரில் நீ சொன்ன இடத்துக்குப் போய் விசாரித்தேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். பள்ளி வாசலில் இரண்டு நாள் நின்றேன், நீ எந்த வழியாகப் போனாய் என்று தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும். வீட்டு விலாசத்தை மட்டும் எழுது. அத்தானிடம்கூடச் சொல்லமாட்டேன்.

உன்
அக்கா

சென்னை
1-9-2025

அக்கா அவர்களுக்கு,

நாங்கள் நலம். ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம். எங்கள் தலைமையாசிரியைக்கு இரண்டு காலிலும் செய்திருக்கிறார்கள், இப்போது விறுவிறுவென்று நடக்கிறார். என் கை மழை நாளில் வலிக்கிறது, மற்றபடி தொந்தரவு இல்லை. கீர்த்தி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பையை வக்கீல் மூலம் திரும்ப வாங்குவதற்குள் நல்ல பள்ளிகளில் இடம் முடிந்துபோய், கிடைத்த பிரிவில்தான் சேர்த்தேன். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேனாம். இந்தப் பழக்கம் அவளுக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தினமும் உட்கார வைத்து, என்னடி மனதில், சொல்லு என்று கேட்கிறேன்.

தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எழுதியிருக்கிறீர்கள். ஜனவரி பதினொன்றாம் தேதி சொன்னேன், அக்கா. தனியாக, உங்களிடம் மட்டும்.

இந்த முறையும் நீங்கள் அத்தானிடம் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை யாராவது டீ குடிக்க வந்து உங்கள் முன்னால் அழுவார்கள். என்னால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடிதம் எழுதுங்கள், பள்ளிக்கு வரும், படிப்பேன். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து உங்களைப் பார்ப்பேன். விலாசம் தரமாட்டேன்.

சம்பந்தி அம்மாள் உங்களிடம் பேச்சை மாற்றுவது வெறுப்பினால் இல்லை. எங்கள் வீடு அவருக்குத் தெரியும். ஆடியில் கூழ் எடுத்துக்கொண்டு வந்தார், போன வாரமும் வந்து கீர்த்திக்குத் தலை பின்னிவிட்டார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

ஷண்முகப்ரியா